பாதி வீட்டில் வந்த வசந்தம்

ஜப்பானின் நடுப்பகுதியில், மலைகள் சூழ்ந்த ஷினானோ நாட்டின் வட எல்லையில் உள்ள சிற்றூர் காஷிவாபாரா. வடநாட்டு நெடுஞ்சாலையில் வழிப்போக்கர் தங்கிக் குதிரை மாற்றிச் செல்லும் ஊர்களுள் ஒன்று அது. காகா நாட்டுப் பிரபுவின் பரிவாரமும், சாடோ தீவில் எடுத்த பொன்னைத் தலைநகருக்குச் சுமந்து செல்லும் பொதிகளும் அவ்வூர்த் தெரு வழியாகவே போயின. குளிர்காலத்தில் அதே தெருவில் ஆள் உயரத்திற்குப் பனி குவியும். அத்தெருவில் இருந்த வீடு ஒன்று 1814ஆம் ஆண்டில் நடுவே தடுத்து இரண்டாக்கப்பட்டது. ஒரு பாதியில் சிற்றன்னையும் அவர் பெற்ற மகன் சென்ரோக்குவும் வாழ்ந்தனர். மறு பாதியில் மூத்த தாரத்தின் மகனான கோபயாஷி இஸ்ஸா குடியேறினார். ஹைக்கூ உலகின் பெருங்கவிஞர் நால்வரைச் சொன்னால் அவருள் ஒருவராக வருபவர் அவர்.

1916இல் சுதேசமித்திரனில் பாரதி ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிய நாள் முதல் ஹைக்கூ தமிழருக்கு அயலானதன்று. இஸ்ஸாவின் பெயரும் நம் கவிஞர்களுக்குப் பழகிய பெயரே. ஈயையும் தவளையையும் குருவிக்குஞ்சையும் உறவு கொண்டாடியவர் என்பது அவரைப் பற்றி நிலைத்துவிட்ட சித்திரம். அது பொய்யன்று, ஆனால் போதாது. ஏறத்தாழ 20,000 ஹைக்கூக்களை எழுதிய அந்த மனிதர், ஐம்பது வயதைத் தாண்டிய பின்னரே தமக்கென ஒரு வீட்டையும், அதில் அடுப்பு மூட்ட ஒரு துணையையும் பெற்றார். அந்த வீட்டு வாழ்க்கை ஒன்பது ஆண்டுகளே நீடித்தது.

அவர் 1763இல் பிறந்தார். இயற்பெயர் யத்தாரோ. தந்தை யகோஹேய் நிலமுள்ள உழவர். 1765இல், குழந்தை பேசத் தொடங்கும் பருவத்தில், தாய் குனி இறந்தார். பாட்டி வளர்த்தார். சில ஆண்டுகளில் சிற்றன்னை வந்தார். 1772இல் சென்ரோக்கு பிறந்தான். தம்பியைத் தூக்கி வைத்திருக்கும் வேலை அண்ணனுடையதாயிற்று. நாளொன்றுக்கு நூறு முறை அடிபட்டதாகவும், கண் வீங்காத நாளே இல்லை என்றும் இஸ்ஸா பிற்காலத்தில் எழுதினார். சிற்றன்னையின் தரப்பை எழுதிவைக்க எவரும் இல்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பாட்டியும் இறந்தபின், 1777இல், தந்தை அவரை எடோ நகருக்கு, இன்றைய டோக்கியோவுக்கு, வேலைக்கு அனுப்பினார். அடுத்த பத்தாண்டுகளில் அவர் பட்ட பாடு தெளிவாகப் பதிவாகவில்லை. பின்னர் கட்சுஷிகா மரபைச் சேர்ந்த ஹைக்கூ ஆசிரியர்களிடம் பயின்றவராக அவர் வெளிப்படுகிறார். ஒரு கோப்பைத் தேநீர் என்று பொருள்படும் இஸ்ஸா என்னும் பெயரைச் சூடிக்கொண்டு, 1792 முதல் ஆறு ஆண்டுகள் மேற்கு நாடுகளில் அலைந்தார்.

1801இல் ஊருக்கு வந்திருந்தபோது தந்தை காய்ச்சலில் விழுந்தார். மகன் அருகிருந்து பணிவிடை செய்தார். சொத்தைச் சகோதரர் இருவரும் சமமாகப் பகிர வேண்டும் என்று எழுதி வைத்துத் தந்தை கண் மூடினார். அந்த ஓலை நிறைவேறப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. இவ்வழக்கில் நியாயம் முழுவதும் கவிஞர் பக்கமே என்று கூறுவதற்கில்லை. அவர் ஊரில் இல்லாத காலத்தில் வெயிலிலும் பனியிலும் நின்று நிலத்தைப் பெருக்கியவர்கள் சிற்றன்னையும் தம்பியும். எனினும் அவருக்கு அது வெறும் நிலமாக இருக்கவில்லை. தாய் இறந்த வீடு அது. 1813இன் தொடக்கத்தில் ஊர்க்கோயிலான மியோசென்ஜியின் குரு நடுவராக இருந்து உடன்பாடு கண்டார். வீட்டில் பாதி, நிலத்தில் பாதி, இழப்பீடாகப் பதினொன்றரை ரியோ பொன்.

மறு ஆண்டு நான்காம் மாதத்தில் (இக்கட்டுரையில் வரும் மாதங்கள் அக்காலத்துச் சந்திர மாதங்கள்) திருமணம் நடந்தது. பக்கத்து ஊரைச் சேர்ந்த மணமகளின் பெயர் கிக்கு. செவ்வந்தி என்று பொருள். ஜப்பானியக் கணக்கில் அவருக்கு 28, இவருக்கு 52. வாயில் ஒரு பல்லும் மிஞ்சாத, தலை நரைத்த மாப்பிள்ளையாகத் தாம் நின்ற கோலத்தை இஸ்ஸா தாமே கேலி செய்து எழுதினார். அக்கேலியின் அடியில் நாணத்தைவிட மகிழ்ச்சியே மிகுதி.

இல்லறம் தொடங்கிய பின்னும் அவர் காலில் சக்கரம் நிற்கவில்லை. ஷினானோவின் வடபகுதியில் சிதறிக் கிடந்த மாணவர்களின் வீடுகளுக்குச் சென்று வாரக்கணக்கில் தங்குவதே அவருக்குப் பிழைப்பு. கலப்பை பிடிக்கத் தெரியாத உழவர் மகன் அவர். எனவே பாதி வீட்டின் வயலும் தோட்டமும் கிணறும் அடுப்பும் கிக்குவின் கைகளுக்கு வந்தன. தடுப்புக்கு அப்பால் இருந்த மைத்துனர் குடும்பத்தின் வயல் வேலைக்கும் கிக்கு சென்று கைகொடுத்தார். பன்னிரண்டு ஆண்டு வழக்கால் கசந்த இரு வீடுகளுக்கிடையே போக்குவரத்து மீண்டது அந்த உழைப்பால்தான். குருவின் நடுவாண்மை சொத்தைப் பிரித்துக் கொடுத்தது. மனிதரைச் சேர்த்து வைத்தவர் புதிதாக வந்த மருமகள்.

இஸ்ஸா நாட்குறிப்பு எழுதும் பழக்கமுடையவர். 1810 முதல் 1818 வரை எழுதிய ‘ஏழாம் நாட்குறிப்பு’ அவற்றுள் புகழ் பெற்றது. வெயில், மழை, வந்தவர், போனவர், அன்றைய கவிதை எல்லாம் ஒன்றிரண்டு சொற்களில் அதில் பதிந்துள்ளன. 1816ஆம் ஆண்டின் நான்காம் மாதத்தில் தலைமகன் சென்தாரோ பிறந்தான். ஒரு மாதம் நிறையும் முன்பே இறந்தான். அவ்வாண்டு எட்டாம் மாதத்துப் பக்கம் ஒன்று ஆய்வாளர்களைத் திகைக்க வைத்தது. பிறந்தகம் சென்றிருந்த கிக்கு திரும்பிய செய்தி அதில் இருக்கிறது. பதினைந்தாம் நாள், ஜப்பானியர் முழுநிலவைக் கண்டு கொண்டாடும் திருநாளில், கணவனும் மனைவியுமாக நிலவு பார்த்த செய்தி இருக்கிறது. அதே வரியில், அன்றிரவு இருவரும் எத்தனை முறை கூடினர் என்ற எண்ணிக்கையும் ஒளிவின்றி இருக்கிறது. அடுத்த நாட்களில் கல்லறைக்குச் சென்று வந்த குறிப்பு, மீண்டும் எண்ணிக்கை. இதை முதியவரின் காமம் என்று சிலர் நகைத்ததுண்டு. பிள்ளையைப் புதைத்து மூன்று மாதங்களே ஆன வீட்டில், வயது கடந்துவிடுமுன் இன்னொரு பிள்ளை வேண்டும் என்று ஏங்கிய இருவரின் கணக்காக அதைப் படிப்பதே பொருந்தும். நிலவு விழாவையும் கல்லறையையும் படுக்கையையும் ஒரே மையில், ஒரே அளவுச் சொற்களில் எழுதியது அந்தக் கை.

அவ்வீட்டின் பண்டிகைகள் எளியவை. ஆண்டிறுதியில் பசையரிசியை அவித்து உரலிலிட்டு இடித்து மோச்சி செய்வதும், அதை அக்கம்பக்கத்தாருக்குப் பங்கிடுவதும் ஊர் வழக்கம். ஓர் ஆண்டின் கடைசி மாதம் 27ஆம் நாள் காலையில் நடந்ததை இஸ்ஸா வேடிக்கையாக எழுதி வைத்தார். மனைவி விடியுமுன் எழுந்து சோறாக்கினார். பக்கத்து வீட்டில் அன்று மோச்சி இடிக்கிறார்கள். வழக்கம்போல் நமக்கும் வரும். ஆவி பறக்கும்போதே உண்டால்தான் சுவை என்பது அவருடைய யோசனை. கணவரும் அதற்கு இசைந்தார். இதோ வரும், இதோ வரும் என்று வாசலைப் பார்த்தபடி இருவரும் காத்திருந்தனர். சோறு பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது. மோச்சி கடைசிவரை வரவில்லை. பெரும் புலமை பேசும் நூல்களில் கிக்குவை இவ்வளவு அருகில் காண இயலாது.

1818ஆம் ஆண்டு ஐந்தாம் மாதத்தில் மகள் பிறந்தாள். அறிவுடையவளாக வளரட்டும் என்று சாத்தோ எனப் பெயரிட்டனர். அடுத்த ஆண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு இஸ்ஸா தொகுத்த ‘என் வசந்தம்’ என்னும் உரைநடையும் கவிதையும் கலந்த நூல் அக்குழந்தையாலேயே சிறப்புற்றது. புத்தாண்டுக்கு வாயிலில் பைன் கிளை நாட்டவில்லை, வீட்டு ஒட்டடையும் அடிக்கவில்லை, எல்லாவற்றையும் அமிதா புத்தரிடம் விட்டுவிட்டதாக அந்நூல் தொடங்குகிறது. ஆனால் அத்தனை பற்றற்றுப் பேசியவர், புத்தாண்டுக் காலையில் மோச்சி இட்டுக் காய்ச்சும் ஜோனிச் சாற்றைத் தவழும் குழந்தைக்கும் தனித் தட்டில் வைத்தார். பிறந்த ஆண்டை ஒன்று என எண்ணி, ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒன்று கூட்டுவது ஜப்பானியர் கணக்கு. எட்டு மாதம் ஆகியிருந்த சாத்தோவுக்கு அன்று இரண்டு வயது.

அக்குழந்தையைப் பற்றி அவர் எழுதியவை எந்த நாட்டுப் பெற்றோருக்கும் தெரிந்தவை. வேறொரு குழந்தையின் காற்றாடியைக் கேட்டு அழுவாள். கொடுத்தால் வாயில் வைத்துச் சப்பிவிட்டு எறிவாள். கிண்ணத்தைப் பிடிப்பாள், உடைப்பாள். பிறகு கதவின் காகிதத்தைக் கிழிப்பாள். நன்றாகச் செய்தாய் என்றால், அதை மெய்யென நம்பிச் சிரித்துச் சிரித்து மேலும் கிழிப்பாள். நாய் எங்கே என்றால் நாயையும் காகம் எங்கே என்றால் காகத்தையும் காட்டுவாள். மாலையில் விளக்கேற்றிப் பூசை மணி அடிக்கும்போது எங்கிருந்தாலும் விரைந்து தவழ்ந்து வந்து சின்னஞ்சிறு கைகளைக் குவிப்பாள். குழந்தை உறங்கும் சிறுபொழுதே தாய்க்குக் கிடைத்த பொழுது. வீட்டைப் பெருக்குவதும் உலை வைப்பதும் அப்போதுதான். விழித்து அழும் குரல் கேட்டதும் ஓடிவந்து மடியில் இட்டுப் பாலூட்டுவார். ஊட்டியபடியே பிள்ளையின் உடலில் தெள்ளுப்பூச்சி கடித்த தடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணுவார். கிக்குவின் அந்த விரலை இஸ்ஸா கண்டார். அதனால்தான் அது இன்றும் இருக்கிறது.

அவ்வாண்டுக் கோடையில் சாத்தோவுக்குப் பெரியம்மை கண்டது. கொப்புளங்கள் வாடிப் பொருக்கு உதிரத் தொடங்கியதும் பெற்றோர் பிழைத்தாள் என்று மகிழ்ந்தனர். நம் நாட்டில் அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் வார்ப்பது போன்ற சடங்கு அங்கும் உண்டு. வைக்கோலால் தட்டுப் போலப் பின்னி, அரிசி மது கலந்த வெந்நீர் தெளித்து, அம்மைத் தெய்வத்தை வழியனுப்புவர். அந்தச் சிறு கொண்டாட்டத்தையும் முறைப்படி நடத்தினர். ஆனால் குழந்தை நாளுக்கு நாள் துவண்டது. ஆறாம் மாதம் 21ஆம் நாள் இறந்தது. தாய் அந்த முகத்தைக் கட்டிக்கொண்டு கதறினார். போன நீர் திரும்பாது, உதிர்ந்த பூ கிளைக்கு மீளாது என்றெல்லாம் தமக்குத் தாமே தெளிவு சொல்லிப் பார்த்தும், பாசத்தின் கட்டு அறுபடவில்லை என்று தந்தை ஒப்புக்கொண்டார். உலகம் பனித்துளி போன்றதே என ஏற்றுக்கொண்டு, ஆனாலும் என்று தயங்கி நின்றுவிடும் அவருடைய மிகப் புகழ் பெற்ற கவிதை அந்த இடத்தில் வருவது. அதைத் தத்துவமாக மேற்கோள் காட்டுபவர்கள், வைக்கோல் தட்டும் வெந்நீரும் இன்னும் ஈரம் காயாத வீட்டில் அது பிறந்ததை மறந்துவிடுகின்றனர். முப்பத்தைந்தாம் நாள் கல்லறைக்குப் போனபோது, மகள் பறிக்க ஆசைப்பட்ட சிவப்புப் பூக்கள் அவர் கண்ணில் பட்டன. அதுவும் கவிதையாயிற்று.

அதன் பிறகு வந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம், ஒன்றைத் தவிர. 1820இன் பத்தாம் மாதத்தில் மகன் பிறந்தான். கல்லைப் போல் உறுதியாக இருக்க வேண்டுமென இஷித்தாரோ எனப் பெயரிட்டனர். அதே மாதத்தில் இஸ்ஸா பனி வழியில் வாதம் தாக்கி விழுந்தார். சிறிது சிறிதாகத் தேறினார். 1821 முதல் மாதம் 11ஆம் நாள், புத்தாண்டுக்குப் படைத்த மோச்சியை உடைத்து உண்ணும் திருநாளன்று, தாயின் முதுகில் கட்டப்பட்டிருந்த குழந்தை மூச்சு முட்டி இறந்தது. 96 நாள் குழந்தை. இம்முறை இஸ்ஸா தெளிவு தேடவில்லை. மனைவியின் கவனக்குறைவே காரணம் என்று எழுத்தில் குற்றம் சாட்டினார். பனிக்கால வீட்டு வேலைக்கு நடுவே, நடை தளர்ந்த கணவருக்கும் பணிவிடை செய்துகொண்டு, பச்சைக் குழந்தையைக் கீழே கிடத்தாமல் முதுகில் சுமந்தவரைத்தான் அவர் அப்படி எழுதினார். துயரத்தின் கடுமை அது என்று சமாதானம் கூறலாம். நீதி என்று கூற இயலாது. தவளைக்கும் ஈக்கும் இரங்கிய பேனா, கிக்குவுக்கு அன்று இரங்கவில்லை. கிக்கு எழுதிய ஒரு வரியும் கிடைக்கவில்லை. கணவரின் எழுத்தில் அகப்பட்ட அளவே அவர் உலகுக்குத் தெரிந்தவர்.

1822இல் மூன்றாம் மகன் கொன்சபுரோ பிறந்தான். மறு ஆண்டின் தொடக்கத்தில் கிக்கு நோயில் விழுந்து, ஐந்தாம் மாதத்தில், ஜப்பானியக் கணக்கில் 37ஆம் வயதில் இறந்தார். பாலுக்காக வேறு வீட்டில் விடப்பட்ட குழந்தை அங்கே பாலின்றி மெலிந்தது. அவ்வாண்டு இறுதியில் அதுவும் போயிற்று. மனைவி உயிரோடிருந்தபோது நச்சரிப்பதாக ஒரு காலத்தில் அலுத்துக்கொண்டவர், அந்த நச்சரிப்பையும் கேட்க வழியில்லாமல் போன வீட்டில் நிலவு பார்த்தார்.

1824இல் செய்த இரண்டாம் மணம் மூன்று மாதத்தில் முறிந்தது. மீண்டும் வாதம் தாக்கிப் பேச்சு குழறியது. 1826இல் யாவோ என்னும் பெண்ணை மணந்தார். 1827 கோடையில் காஷிவாபாராவைத் தீ தின்றது. அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற பாதி வீடு, தடுப்புக்கு அப்பால் இருந்த பாதியோடு சேர்ந்து எரிந்தது. மண்சுவர் எழுப்பிய களஞ்சியம் மட்டும் மிஞ்சியது. அதில் கணவனும் மனைவியும் குடியேறினர். பதினொன்றாம் மாதம் 19ஆம் நாள், ஐரோப்பியக் கணக்கில் 1828 ஜனவரி 5இல், இஸ்ஸா அங்கே இறந்தார். அப்போது யாவோ கருவுற்றிருந்தார். அந்த ஆண்டு வசந்தத்துக்குப் பின் பிறந்த யாத்தா என்னும் மகள் பிழைத்து வளர்ந்தாள். கோபயாஷி குடும்பம் அவள் வழியே தொடர்ந்தது. ‘என் வசந்தம்’ நூலை 1852இல் மாணவர் ஒருவர் அச்சிட்டார். தேசிய வரலாற்றுச் சின்னமாகப் போற்றப்படும் அந்த மண் களஞ்சியம் காஷிவாபாராவில் இன்றும் நிற்கிறது.