யுவான் சுவாங்

சீன நாட்டில் கி.பி. 602ஆம் ஆண்டளவில் பிறந்தவர் யுவான் சுவாங். இளமையிலேயே பௌத்தத் துறவியானார். ஒரே கருத்துக்கு ஆசிரியர்கள் வெவ்வேறு பொருள் கூறுவதைக் கண்டு, மூலநூல்களை இந்தியாவிலேயே கற்றுத் தெளிய விரும்பினார். நாட்டின் எல்லையைக் கடக்க அரசு தடை விதித்திருந்தது. அத்தடையை மீறிப் புறப்பட்ட அவர், பாலைநிலத்தில் நீரின்றித் தவித்தும் பனிமலைகளைக் கடந்தும் இந்தியா வந்தடைந்தார்.

நாளந்தாவில் முதுபெரும் ஆசிரியர் சீலபத்திரரிடம் யோகாசாரத் தத்துவம் பயின்றார். சீலபத்திரரின் ஆசிரியரான தருமபாலர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். பின்னாளில் அக்காஞ்சி நகருக்கும் யுவான் சுவாங் வந்தார். அங்கிருந்து இலங்கை செல்ல எண்ணினார். ஆனால், அந்நாட்டில் பஞ்சமும் குழப்பமும் நிலவுவதாக அங்கிருந்து வந்த துறவியர் கூறவே, அப்பயணத்தைக் கைவிட்டார்.

645ஆம் ஆண்டில் 657 நூல்களுடன் தாயகம் திரும்பினார். தடையை மீறியவரைப் பேரரசர் தண்டிக்கவில்லை; மதித்து வரவேற்றார். அரசர் அளிக்க முன்வந்த பதவியை ஏற்க மறுத்த யுவான் சுவாங், 664இல் மறையும் வரை மொழிபெயர்ப்பிலேயே ஈடுபட்டு, 75 நூல்களைச் சீன மொழியில் தந்தார். தருமபாலரின் விளக்கத்தைப் பெரிதும் தழுவி அவர் ஆக்கிய நூல், சீனாவில் ஒரு தத்துவ நெறிக்கே அடிப்படையாயிற்று. காஞ்சியில் பிறந்த ஓர் ஆசிரியரின் சிந்தனை இவ்வாறு சீன மொழியில் நிலைபெற்றது.