ஊட்டியில் ஸ்நூக்கர் விதிகளை எழுதிய சேம்பர்லேன்

சாங்கியில் விமானம் ஏறி, கோயம்புத்தூரில் இறங்கி, மேட்டுப்பாளையம் வழியாக மலையேறும் சிங்கப்பூர்த் தமிழர்கள் ஊட்டியில் பூங்காவையும் படகுத்துறையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதே ஊரில், 1841ல் தொடங்கப்பட்ட உதகமண்டலம் கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் ஸ்நூக்கர் விளையாட்டின் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. அந்த விதிகளுக்குச் சொந்தக்காரர், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் பணியாற்றிய நெவில் சேம்பர்லேன்.

இவர் அதே பெயருடைய பிரிட்டிஷ் பிரதமர் அல்லர். 1856 ஜனவரி 13ஆம் தேதி இங்கிலாந்தில் பிறந்தவர். தந்தையும் இந்திய ராணுவ அதிகாரி. சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பயின்று, 1873ல் டெவன்ஷியர் படைப்பிரிவில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 17.

மழைக்காலத்தில் பிறந்த ஆட்டம்

1875ல் அவரது படைப்பிரிவு மத்திய இந்தியாவின் ஜபல்பூரில் இருந்தது. மழைக்காலத்தில் வெளியே போக வழியில்லை. அதிகாரிகள் பகல் முழுவதும் உணவுக்கூடத்தின் பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றியே இருந்தனர்.

அவர்கள் விரும்பி ஆடியவை பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள். ஆட்டக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்க்கும் பந்தயப் பணத்துக்குத்தான் முதலில் பூல் என்று பெயர். பிறகு அதுவே ஆட்டத்தின் பெயரும் ஆகிவிட்டது. ‘லைஃப் பூல்’ ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வண்ணப் பந்து; அதை எதிராளி குழியில் தள்ளிவிட்டால் ஓர் உயிர் போகும், பணமும் போகும். ‘பிரமிட்ஸ்’ ஆட்டத்தில் 15 சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கி ஆடுவார்கள். கறுப்புப் பந்தைச் சேர்த்தால் ‘பிளாக் பூல்’.

சேம்பர்லேன் இவற்றை ஒன்றாகக் கலந்தார். சிவப்புப் பந்துகளோடு கறுப்பையும் வைத்து, மேலும் சில வண்ணப் பந்துகளைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்புக் கொடுத்தார். எஞ்சிய வண்ணங்கள் பின்னாளில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஆக, இன்று பூல் ஆடுபவரும் ஸ்நூக்கர் ஆடுபவரும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள்தாம்.

பெயர் வந்த விதம் இன்னும் சுவையானது. இங்கிலாந்தின் வுல்விச் ராணுவப் பயிற்சிக் கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களைக் கேலியாக ஸ்நூக்கர் என்று அழைப்பது வழக்கம். அங்கே பயின்ற இளம் அதிகாரி ஒருவர் மூலம் சேம்பர்லேனுக்கு அந்தச் சொல் தெரியவந்தது. ஒருநாள் ஆட்டத்தில் சுலபமான பந்தைத் தவறவிட்ட நண்பரை அவர் அப்படியே அழைத்துவிட்டார். அந்த நண்பர் மனம் நோகக்கூடாது என்று, இந்த ஆட்டத்தில் நாம் எல்லாருமே ஸ்நூக்கர்கள்தாம் என்று சமாதானமும் சொன்னார். கத்துக்குட்டிகளின் ஆட்டம் என்ற பொருளில் அந்தப் பெயரே நிலைத்தது.

நீலகிரியில் கிடைத்த வடிவம்

1876ல் சேம்பர்லேன் மத்திய இந்தியக் குதிரைப்படைக்கு மாறினார். இரண்டாம் ஆப்கான் போரில் தளபதி ஃபிரெடரிக் ராபர்ட்சின் கீழ்ப் பணியாற்றிக் காயமடைந்தார். 1881ல் ராபர்ட்ஸ் மதராஸ் படையின் தலைமைத் தளபதியானபோது, சேம்பர்லேனும் உடன் வந்தார். கோடை வந்தால் தளபதியின் அலுவலகம் ஊட்டிக்கு இடம்பெயரும்.

அங்கே கிளப்பில் ஸ்நூக்கர் விருப்ப ஆட்டமானது. ஜபல்பூரில் வாய்ப்பேச்சாக இருந்த விதிமுறைகள் 1882ல் எழுத்து வடிவம் பெற்று அறையில் மாட்டப்பட்டன. 1885ல் கல்கத்தாவில் கூச் பிஹார் மகாராஜாவின் விருந்தில், பில்லியர்ட்ஸ் வெற்றியாளர் ஜான் ராபர்ட்ஸ், சேம்பர்லேனைச் சந்தித்து விதிகளைக் கேட்டறிந்தார். ஆட்டம் இங்கிலாந்துக்குச் சென்றது இப்படித்தான்.

சேம்பர்லேனின் வாழ்க்கை வேறு பாதையில் போனது. 1900ல் அயர்லாந்துக் காவல் படையின் தலைவரானார். 1916ல் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான எழுச்சி வெடித்தது. அதே ஆண்டில் பதவியிலிருந்து விலகினார்.

82 வயதில் எழுதிய கடிதம்

அதற்குள் ஸ்நூக்கர் வளர்ந்துவிட்டது. 1927ல் ஜோ டேவிஸ் முதல் உலகப் பட்டத்தை வென்றார். ஆனால், ஆட்டம் பிறந்தது வுல்விச்சில் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பெயர் அங்கிருந்து வந்ததால் பலரும் அதை நம்பினர்.

1938ல், தமது 82வது வயதில், சேம்பர்லேன் ‘தி ஃபீல்ட்’ இதழுக்குக் கடிதம் எழுதி ஜபல்பூர், ஊட்டி நாள்களை விளக்கினார். அந்தக் காலத்தில் இந்தியாவில் பணியாற்றிய அதிகாரிகள் பலர் அவருக்குச் சாட்சி சொன்னார்கள். நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்சி அதை 1939ல் கட்டுரையாக்கினார். வுல்விச் கதை அதன்பின் எடுபடவில்லை. சேம்பர்லேன் 1944 மே 28ஆம் தேதி, 88வது வயதில் காலமானார்.

ரசிகர்களுக்கு எதற்கு இந்தக் கதை?

வரலாறு தெரியாவிட்டாலும் ஆட்டத்தை ரசிக்கலாம். கோணம் பார்த்து அடிப்பதற்கு 1882 தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால், முதியவர் ஒருவர் பேனா எடுக்காமல் இருந்திருந்தால் ஜபல்பூரும் ஊட்டியும் ஸ்நூக்கர் வரலாற்றில் இடம்பெறாமலே போயிருக்கும். தெரிந்தவர்கள் சொல்லாத வரலாறு, உரக்கச் சொல்பவருக்குச் சொந்தமாகிவிடும்.

அவர் காத்த வரலாற்றிலும் இடைவெளி உண்டு. அன்றைய பந்துகள் யானைத் தந்தத்தில் செய்யப்பட்டவை. கிளப்புகள் ஐரோப்பியர்களுக்கானவை. மேசையருகே நின்று பணிவிடை செய்த இந்தியர்களின் பெயர் எதுவும் இக்கதையில் வருவதில்லை. உண்மையான ரசிகர் இதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

மேசை பின்னர் கை மாறியது. புனேயில் பிறந்த வில்சன் ஜோன்ஸ் 1958ல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். சிங்கப்பூரில் 1902ல் ராஃபிள்ஸ் ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் புலி சுடப்பட்ட கதை பலருக்குத் தெரியும். அந்த அறையும் அன்று ஐரோப்பியர்களின் பொழுதுபோக்கு இடமாகவே இருந்தது. அதே சிங்கப்பூரின் அலோய்சியஸ் யாப், பூல் விளையாட்டின் உலகத் தரவரிசையில் முதலிடத்தை எட்டியிருக்கிறார்.

ஊட்டி கிளப்பின் அந்த அறை இன்றும் உள்ளது; உறுப்பினர்களும் அவர்களின் விருந்தினர்களும் மட்டுமே உள்ளே செல்லலாம். அடுத்த முறை மலையேறும்போது உடன்வரும் பிள்ளைகளிடம் வெளியே நின்றாவது இந்தக் கதையைச் சொல்லலாம்.