கலைவாணரின் சிரிப்பும் மலையகத்தின் மானமும்

நகைச்சுவை என்ற பெயரில் மலையக மக்களின் பேச்சையும் பெயரையும் தொழிலையும் கேலிப் பொருளாக்கும் வழக்கம் நமது நாட்டில் நெடுங்காலமாகவே இருந்து வருகின்றது. தோட்டக்காட்டான் என்ற இழிசொல்லின் வலியை அதைக் கேட்டு வளர்ந்தவர்களே அறிவர். நகரப் பாடசாலையில் தோட்டத்துப் பிள்ளை வாய் திறந்ததும் எழும் சிரிப்பு, பல வேளைகளில் அப்பிள்ளையின் வாயையே அடைத்துவிடுகின்றது. சிரிப்புக்கும் ஓர் அறம் உண்டு என்பதை வாழ்ந்து காட்டிய கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனை இவ்வேளையில் நினைவுகூர்வது பொருத்தமாகும்.

1908 நவம்பர் 29ஆம் திகதி, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு உட்பட்டிருந்த நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பள்ளிப் படிப்பு சில வகுப்புகளோடு நின்றுபோனது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன், வில்லுப்பாட்டில் தேர்ச்சி பெற்று, பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். கிராமத்துக் கோயில் கொடையில் பிறந்த கலையே அவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

அவரது திரையுலக வாழ்வின் தொடக்கத்திலேயே நமது மலையகம் குறுக்கிடுகின்றது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1936இல் வெளியான 'சதிலீலாவதி', கிருஷ்ணனின் ஆரம்பகாலப் படங்களில் ஒன்று. மலையகத்தில் பிறந்த எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றியதும் அதிலேதான். அதன் கதாநாயகன் கொலைப் பழிக்கு அஞ்சி இலங்கைக்கு ஓடிவந்து தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைக்கின்றான். பின்னர் புதையல் கிடைத்துச் செல்வந்தனாகின்றான். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற ஆசை வார்த்தையை நம்பி வந்தவர்களின் சந்ததியினருக்கு அப்புதையல் இன்றுவரை கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் புனே சென்றபோது அறிமுகமான டி.ஏ. மதுரம், வாழ்விலும் திரையிலும் அவருக்குத் துணையானார். கிருஷ்ணனின் நகைச்சுவையில் ஒரு தனித்தன்மை இருந்தது. மூட நம்பிக்கையை, சாதிச் செருக்கை, குடிப் பழக்கத்தை அவர் சாடினார். அவற்றுக்கு இரையான ஏழையை எள்ளவில்லை. பெரும்பாலான காட்சிகளில் மதுரமே புத்திசாலி; அசடு வழிபவர் கிருஷ்ணன். ஊர் சிரிக்க வேண்டுமாயின் முதலில் தம்மைப் பார்த்தே சிரிக்கட்டும் என்று அவர் நின்றார்.

புகழின் உச்சியில் பேரிடி விழுந்தது. 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னையில் கொலையுண்ட வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதாகி, 1945இல் ஆயுள் தண்டனை பெற்றனர். லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற சட்டப் போராட்டத்தின் பின்னர் 1947இல் இருவரும் விடுதலையாகினர். பாகவதரால் பழைய நிலைக்கு மீள முடியவில்லை. கிருஷ்ணனோ மீண்டும் மக்களைச் சிரிக்க வைக்க வந்தார்.

1949இல் அறிஞர் அண்ணாவின் எழுத்தில் 'நல்லதம்பி' வெளியானது. பெருஞ்சொத்துக்கு வாரிசாகும் எளிய மனிதனொருவன் அதனை ஏழைகளுக்கு அளிக்க முனையும் கதை அது. அதில் இடம்பெற்ற கிந்தனார் காலட்சேபம், கல்வி மறுக்கப்பட்ட சேரிச் சிறுவன் ரயிலேறிப் பட்டணம் சென்று படித்து உயர்வதைச் சொன்னது. அதே ஆண்டில் பிரான்சில் ஜாக் தத்தி தாமே இயக்கி நடித்த 'திருவிழா நாள்' என்ற நகைச்சுவைப் படமும் திரைக்கு வந்தது. அமெரிக்கத் தபால் சேவையின் வேகத்தைப் படத்தில் கண்டு, அதேபோல் சைக்கிளில் பறக்க முயலும் கிராமத்துத் தபால்காரனின் கதை. அக்கிராமத்து மக்களே அதில் நடித்தனர். இறுதியில் அத்தபால்காரன் வேகத்தைக் கைவிட்டு, ஊராரோடு வயலில் இறங்கி வேலை செய்கின்றான். ஒருவரையொருவர் அறிந்திராத இவ்விரு கலைஞர்களும் நாட்டுப்புற மனிதனை அவன் மதிப்புக் குன்றாமல் சிரிப்புக்கு நாயகனாக்கினர்.

அந்த 1949இல் நமது மலையக மக்களின் நிலை என்ன? முந்திய ஆண்டுச் சட்டத்தினால் குடியுரிமையை இழந்து, அவ்வாண்டில் வாக்குரிமையையும் பறிகொடுத்து நின்றனர். தோட்டப் பாடசாலைகளை அரசு முழுமையாகப் பொறுப்பேற்க 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹட்டனிலும் நானுஓயாவிலும் ரயிலேறிப் படிக்கச் சென்ற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கிந்தனே ஆவர். அவர்களைப் பார்த்துச் சிரித்தோர் உண்டு. அவர்களோடு சேர்ந்து சிரித்தோர் மிகச் சிலரே.

ஈட்டியதையெல்லாம் வாரி வழங்கிவிட்டு, 1957 ஆகஸ்ட் 30ஆம் திகதி, 48ஆவது வயதில் கலைவாணர் மறைந்தார். சொத்து எஞ்சவில்லை, பெயர் எஞ்சியது. 1969 ஜனவரியில், நோயுற்றிருந்த நிலையிலும் முதலமைச்சர் அண்ணா நேரில் வந்து சென்னையில் அவரது சிலையைத் திறந்து வைத்தார்.

காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் கண்ட மலையக மண்ணுக்கு நகைச்சுவை புதிதல்ல. கொழுந்து மலையிலும் லயத்து வாசலிலும் துரையையும் கங்காணியையும் நையாண்டி செய்தே எம்மக்கள் தம் துயரை ஆற்றிக்கொண்டனர். அந்தச் சிரிப்பு மேடைக்கும் திரைக்கும் வர வேண்டும். மலையக இளைஞர்களே தம் மொழியில், தம் பெயரில் அதனைப் படைக்க வேண்டும். வானொலியும் தொலைக்காட்சியும் அதற்கு இடமளிக்க வேண்டும். தோட்டத்துப் பேச்சைக் கேலி செய்யும் நிகழ்ச்சிகளுக்குக் கைதட்டுவதை நாம் நிறுத்திக்கொள்வது அதற்கான முதற்படியாகும். மெலியவனைச் சிறுமைப்படுத்தாமலே ஊரைச் சிரிக்க வைக்க முடியும் என்பதற்குக் கலைவாணரின் வாழ்வே சாட்சி.