மெட்ராஸ் துறைமுகத்தின் வாசலையே மாற்றிய இன்ஜினியர்: யார் இந்த பிரான்சிஸ் ஸ்பிரிங்?

புதிய ஆழ்கடல் துறைமுகம் என்று எங்கே செய்தி வந்தாலும் கூடவே ரெண்டு கேள்வி வரும். எவ்வளவு பெரிய கப்பல் உள்ளே வர முடியும்? பக்கத்து ஊர்க் கடற்கரை என்ன ஆகும்? விழிஞ்ஞத்திலும் இதே பேச்சு, காட்டுப்பள்ளியிலும் இதே பேச்சு. நூறு வருஷத்துக்கு முன்னாடி மெட்ராஸில் இந்த ரெண்டுக்கும் நடுவில் நின்றவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். கணித மேதை ராமானுஜனின் மேலதிகாரியாகத்தான் நம்மில் பலருக்கு இவரைத் தெரியும். அவர் செய்த பெரிய வேலை கடலுக்குள் இருக்கிறது.

ரயில்வேயிலிருந்து கடலுக்கு

1849-ல் பிறந்த ஸ்பிரிங் ஓர் ஐரிஷ்காரர். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்தவர். 1870-ல் இந்திய அரசின் பொறியாளர் பணிக்கு வந்து, பெரும்பாலும் ரயில்வேயில் வேலை பார்த்தார். ராஜமுந்திரியில் கோதாவரி மேல் கட்டிய ரயில் பாலத்திலும் இவருக்குப் பங்கு உண்டு. வெள்ளம் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் ஓடிவிடாமல், கரை கட்டி ஆற்றை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

1904-ல் மெட்ராஸ் துறைமுகத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தபோது அவருக்கு வயசு 55. மற்றவர்கள் பென்ஷன் கணக்கு பார்க்கிற வயசு!

அப்போது மெட்ராஸ் எப்படி இருந்தது?

மெட்ராஸுக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் ஏறி, அலையைத் தாண்டிக் கரைக்கு வரணும். ஆணியே அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை அடித்தாலும் உடையாமல் வளைந்து கொடுக்கும்.

1861-ல் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் போட்டார்கள், போதவில்லை. 1875-ல் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் ரெண்டு பெரிய சுவர், நடுவில் கிழக்கைப் பார்த்து ஒரு வாசல். இதுதான் பிளான். 1881 நவம்பரில் வந்த புயல் அந்தச் சுவர்களை நொறுக்கிவிட்டது. திரும்பக் கட்டி முடிக்க 1890கள் ஆகிவிட்டது.

கட்டியும் நிம்மதி இல்லை. வாசல் கிழக்கே இருந்ததால் வங்கக் கடல் அலை நேராக உள்ளே புகுந்தது. புயல் எச்சரிக்கை வந்தால் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு நடுக்கடலுக்கு ஓடணும். பாதுகாப்புக்குக் கட்டிய இடத்திலிருந்து பாதுகாப்பு தேடி ஓட்டம்! சாதாரண நாளிலும் கப்பல் நடுவில்தான் நிற்கும். சரக்கை மறுபடி படகில்தான் இறக்கணும்.

இதைவிடப் பெரிய தலைவலி மணல். நம்ம கிழக்குக் கரையில் தெற்கிலிருந்து வடக்கே ஆண்டுதோறும் லட்சக்கணக்கான டன் மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே சுவர் வைத்தால் தெற்குப் பக்கம் அது குவியும். குவிந்த மணல் சுவர் ஓரமாகவே நகர்ந்து வாசலை நெருங்கியது. விட்டிருந்தால் வாசலே தூர்ந்துபோயிருக்கும்.

ஸ்பிரிங் என்ன செய்தார்?

கிழக்கு வாசலை மூடினார். வடகிழக்கு மூலையில் புது வாசல் திறந்து, அலை உள்ளே வராதபடி அதற்கு முன்னால் கடலுக்குள் ஒரு தடுப்புச் சுவரையும் நீட்டினார். 1911-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

கப்பல் நேராக வந்து ஒட்டி நிற்கும் தளங்கள், கிடங்குகள், கரை வரைக்கும் ரயில் தண்டவாளம் எல்லாம் அவர் காலத்தில் வந்தன. உள்நாட்டிலிருந்து தோல், பருத்தி, நிலக்கடலை ரயிலில் வந்து துறைமுகத்திலேயே கப்பல் ஏறியது. ரயில்வே ஆளைத் துறைமுகத்துக்குப் போட்டது வீண்போகவில்லை. இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பைத் தொடங்கியவரும் இவர்தான்.

ராமானுஜன் கதை தெரிந்ததுதான். 1912 மார்ச்சில் 30 ரூபாய் சம்பளத்துக்கு கிளார்க்காகச் சேர்ந்தார். அலுவலகத்தில் அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர். அவர் எடுத்துச் சொல்ல, ஸ்பிரிங் தன் செல்வாக்கைப் பயன்படுத்தினார். 1913-ல் பல்கலைக்கழக உதவித்தொகை மாதம் 75 ரூபாய் கிடைத்தது. 1914 மார்ச் 17-ல் மெட்ராஸிலிருந்தே லண்டனுக்குக் கப்பல் ஏறினார் ராமானுஜன். அதே ஆண்டு செப்டம்பரில் எம்டன் குண்டு வீசியபோதும் துறைமுகம் ஸ்பிரிங் பொறுப்பில்தான் இருந்தது.

அந்த மணல் என்ன ஆச்சு?

வாசலைக் காப்பாற்றியாச்சு. மணலை நிறுத்த முடியவில்லை. துறைமுகத்துக்குத் தெற்கே குவிந்ததால்தான் மெரினா இவ்வளவு அகலமான கடற்கரையானது. வடக்கே போக வேண்டிய மணல் நின்றதால் ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் கரையைத் தின்றது. மெரினாவில் காற்று வாங்குபவர்களுக்குக் கிடைத்த மணல், வடசென்னை மீனவர்கள் இழந்த மணல்தான். மணலின் நகர்வை அளந்து, பொறியாளர்களுக்கான ஆய்வுக் கட்டுரையாகவே எழுதியவர் ஸ்பிரிங். ஆனாலும் அவர் கொடுத்த தீர்வு கப்பலுக்கானது, வடக்குக் கரைக்கானதாக அது இருக்கவில்லை.

1919-ல், 70 வயதில் பொறுப்பிலிருந்து விலகினார். 1933-ல் ஜெர்சி தீவில் இறந்தார். சென்னை துறைமுகத்துக்குள் ஒரு சாலைக்கு ஸ்பிரிங் ஹேவன் என்று பெயர் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம் வடக்கே போனால், கரையைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டியிருப்பதையும், தூண்டில் வளைவுகளையும் இன்றும் பார்க்கலாம்.