தாடியஸ் ஸ்ரீவன்ஸ்

அமெரிக்க அடிமைகளை விடுவித்தவர் யாரென வினவினால் ஆபிரகாம் லிங்கனின் பெயரையே நாம் கூறுவோம். அப்பெருமகனின் காலத்திலேயே, அவரினும் விரைந்து செல்ல முற்பட்ட நியாயவாதி ஒருவர் இருந்தார். அவரே தாடியஸ் ஸ்ரீவன்ஸ்.

1792 இல் வெர்மொண்ட் மாநிலத்து டான்வில் என்னும் ஊரில் ஊனக்காலுடன் பிறந்தார். தந்தை குடும்பத்தைக் கைவிட, தாய் சாராள் அரும்பாடுபட்டு மகனைப் படிப்பித்தார். 1814 இல் டாற்மத் கல்லூரியிற் பட்டம் பெற்ற அவர், 1816 இல் பென்சில்வேனியாவின் கெற்றிஸ்பேர்க் நகரில் நியாயவாதத் தொழிலைத் தொடங்கினார்.

அவர் வாழ்விலும் ஒரு கறை உண்டு. 1821 இல் அடிமையுடையோன் ஒருவனுக்காக வாதாடி, விடுதலை கோரிய சாரிற்றி பட்லர் என்னும் பெண்ணையும் அவள் பிள்ளைகளையும் மீண்டும் தளையில் வீழ்த்தினார். வழக்கில் வென்றார், அறத்தில் தோற்றார். இதனை மறைத்து அவர் புகழ் பாடுதல் முறையன்று. ஆயின் பின்னாளில், தப்பியோடி வந்த அடிமைகளுக்காகவே அவர் நீதிமன்றம் ஏறினார். 1838 இல் வெள்ளையருக்கு மாத்திரம் வாக்குரிமை வழங்கிய மாநில அரசியலமைப்பிற் கையொப்பமிட மறுத்தார்.

பென்சில்வேனியாவில் முன்னர், தம்மை வறியோர் எனப் பதிந்துகொண்ட பெற்றோரின் பிள்ளைகளுக்கே அரசு செலவிற் கல்வி கிடைத்தது. 1834 இல் யாவருக்கும் பொதுவான இலவசக் கல்விச் சட்டம் பிறந்தது. வரிக்கு அஞ்சியோர் மறு ஆண்டே அதனை ஒழிக்க முனைந்தனர். வறுமையின் இழிவை அறிந்த ஸ்ரீவன்ஸ், தம் தொகுதியினர் பலரின் வெறுப்பையும் பொருட்படுத்தாது சபையில் எழுந்து பேசினார். சட்டம் பிழைத்தது.

உள்நாட்டுப் போரின்போது, 1863 இல், தென்னவர் படை அவருடைய இரும்பாலையை எரித்தது. அவர் தளரவில்லை. அடிமைமுறையை ஒழித்த 13 ஆம் திருத்தத்துக்கும், சட்டத்தின் முன் சமத்துவம் அளித்த 14 ஆம் திருத்தத்துக்கும் பிரதிநிதிகள் சபையில் அரும்பணியாற்றினார். விடுதலை பெற்றோருக்கு நிலமும் வேண்டும் என்ற அவர் கோரிக்கை மட்டும் நிறைவேறவில்லை.

1868 ஆகஸ்ட் 11 ஆம் நாள் மறைந்தார். லங்காஸ்ரர் நகரில் நிறவேற்றுமை பாராத சிறு மயானத்தையே தம் இறுதித் துயிலுக்குத் தேர்ந்திருந்தார்.

வாழ்நாளெல்லாம் பேசிய சமத்துவத்தை மண்ணுக்குள்ளும் கைவிடாதவர் அவர். இளைஞராகிய நாம் மேடையிற் பேசும் சமத்துவம் எம் இல்லத்திலும் கிணற்றடியிலும் நிலைக்கின்றதா என எண்ணிப் பார்ப்போமாக.