மாண்டிசோரி அம்மையார்

சென்னையின் தென்பகுதியில், வேளச்சேரிக்கு வடகிழக்கே, அடையாறு கடலோடு கலக்குமிடத்தில் பிரம்மஞான சபையின் பரந்த தோட்டம் உள்ளது. 1939-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அறுபத்தொன்பது வயது நிரம்பிய இத்தாலிய மூதாட்டி ஒருவர் அங்கு வந்து சேர்ந்தார். சில திங்கள் தங்கிச் செல்ல எண்ணி வந்தவருக்கு, 1946 வரை இந்நாட்டிலேயே வாழ நேர்ந்தது. குழந்தை ஏன் இவ்வாறு நடந்துகொள்கிறது என்னும் வினாவைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட மரியா மாண்டிசோரி அம்மையாரே அவர்.

மரியா 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலியிலுள்ள கியாரவாலே என்னும் ஊரில் பிறந்தார். அக்காலத்தில் அந்நாட்டுப் பெண்கள் மருத்துவம் பயில்வது மிக அரிது. ஆடவரோடு கூடியிருந்து பிணத்தை அறுத்து ஆராய்தல் பெண்ணுக்குத் தகாது என்று கருதினர். ஆதலின், மற்ற மாணவர் சென்றபின் அவர் தனியே நின்று அதனைக் கற்றார். 1896-இல் உரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பின்னர் அவர் மனநோய் விடுதிகளைப் பார்வையிட்டு வந்தார். ஒரு விடுதியில், அறிவு குன்றியவர் எனப்பட்ட சிறுவர்களை ஒரு வெற்றறையில் அடைத்து வைத்திருந்தனர். உணவு முடிந்ததும் அச்சிறுவர்கள் தரையில் சிதறிக் கிடந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்கள். அது பெருந்தீனி ஆசை என்று காவற்பெண் அருவருத்தாள். அம்மையாரோ அறையைச் சுற்றி நோக்கினார். கையால் பற்றி விளையாட அத்துணுக்குகளையன்றி வேறொரு பொருளும் அங்கே இல்லை. அவர்களை வாட்டியது கைகளின் பசி, அறிவின் பசி என்பது அவருக்குப் புலனாயிற்று.

அத்தகைய பிள்ளைகளுக்குத் தொட்டும் பொருத்தியும் அறியும் கருவிகளைக் கொடுத்துப் பயிற்றினார். அவர்களுட் சிலர் மற்றப் பிள்ளைகளைப் போலவே பொதுத் தேர்வில் தேறினர். கண்டவர் வியந்தனர், அம்மையாருக்கோ வேறோர் ஐயம் பிறந்தது. குறையொன்றுமில்லாப் பிள்ளைகள் இவர்களை விஞ்சி நில்லாமைக்குக் காரணம் யாது? அவர்களை முடக்குவது பள்ளிக்கூடம்தானோ? இந்த ஐயமே அவரது பெருமைக்கெல்லாம் வித்து எனலாம்.

1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், உரோம் நகரின் ஏழைகள் வாழும் சான் லொரன்சோ பகுதியில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றிற்குரிய குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். அம்மையார் மற்றக் குழந்தைகளைப் பாடச் சொன்னார். சிறுமியை நாற்காலியோடு தூக்கி மேசைமீது வைத்தார். அவள் உருளைகளை மடியில் வாரிக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்தபின் தானாகவே நிறுத்தி, களைப்பின்றி முகமலர்ச்சியோடு நிமிர்ந்தாள். தனக்கேற்ற வேலை வாய்த்த குழந்தை அடங்காமையை மறந்துவிடும் என்பதை அம்மையார் இவ்வாறே கண்டறிந்தார். ஆசிரியர் முதலிற் கற்க வேண்டியது, பேசாது உற்றுநோக்குதல் என்றும் வற்புறுத்தினார்.

முசோலினியின் ஆட்சியோடு இணங்காமையால் 1934-இல் தாய்நாட்டைத் துறந்தார். அடையாற்றுக்கு அவரை அழைத்தவர்கள் சபையின் தலைவர் அருண்டேலும் அவர்தம் துணைவியார் ருக்மிணி தேவியாரும் ஆவர். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆசிரியர்கள் பயிற்சிக்கு வந்து கூடினர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, அவர் மகனார் மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, இருவரும் ஆங்கில அரசுக்குப் பகை நாட்டவர் ஆயினர். மரியோவைச் சிறைமுகாமுக்கு அனுப்பினர். முதியவராகிய அம்மையாரைத் தோட்டத்தை விட்டுச் செல்லலாகாது என்று தடுத்தனர். அவருடைய எழுபதாவது பிறந்தநாளன்று, வைசிராய் மகனை விடுவித்துத் தாயிடம் சேர்ப்பித்தார். அப்பிறந்தநாளுக்கு அதனினும் சிறந்த பரிசில் ஏது?

பின்னர் கோடைக்கானலில், பல வயதுக் குழந்தைகள் ஒருங்கே பயின்ற சிறு பள்ளியில் அவரது ஆராய்ச்சி தொடர்ந்தது. பிறந்தது முதல் மூன்றாண்டு வரையுள்ள பருவத்தில் அவர் கருத்து மிகுதியாகச் சென்றது. எவரும் இலக்கணம் கற்பியாமலே குழந்தை தாய்மொழியைப் பெற்றுவிடுகிறதன்றோ? சூழலிலுள்ள பேச்சையும் பழக்கத்தையும் முயற்சியின்றி உட்கொள்ளும் உள்ளம் அதற்கு உண்டு என்று விளக்கினார். இக்கருத்துகள் அடங்கிய நூல் 1949-இல் அடையாற்றிலேயே வெளிவந்தது.

அம்மையார் 1952 மே 6-ஆம் நாள் ஹாலந்து நாட்டின் நூர்ட்வைக் என்னும் கடற்கரையூரில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பெற்றார்.