வேடந்தாங்கல் போறீங்களா? கிளம்புறதுக்கு முன்னாடி மா.கிருஷ்ணனைத் தெரிஞ்சுக்கோங்க!

வார இறுதி வந்தாலே ஜிஎஸ்டி சாலையில் ஒரு கூட்டம் தெற்கு நோக்கிக் கிளம்பிவிடும். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி, மகேந்திரா சிட்டி தாண்டி, செங்கல்பட்டில் கொளவாய் ஏரியை ஜன்னல் வழியா ஒரு லுக் விட்டுட்டு, படாளம் பக்கம் திரும்பினால் வேடந்தாங்கல். கரையில் ஒரு நடை, நாலு செல்ஃபி, ஒரு ரீல்ஸ். ரெண்டு மணி நேரத்தில் ரிட்டர்ன்.

ஆனால் இதே மாதிரி ஏரிக்கரையிலும் காட்டுப் பாதையிலும் நடப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்ட ஒரு சென்னைக்காரர் இருந்தார். கையில் தானே பாகங்களைச் சேர்த்து உருவாக்கிய கனமான கேமரா, பையில் ஒரு நோட்டு. இந்தியாவில் காட்டுயிர் பற்றி எழுதியவர்களில் முதல் வரிசையில் வைக்கப்படும் பெயர் அவருடையது. மா.கிருஷ்ணன்.

யார் இவர்? வேடந்தாங்கலுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? அவர் கவனித்த விஷயம் இன்றைக்கு ஏன் முக்கியம்?

மயிலாப்பூரில் ஒரு கீரி

1912 ஜூன் 30 அன்று பிறந்தவர் கிருஷ்ணன். அப்பா, 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ.மாதவையா. தமிழ் நாவலின் தொடக்க காலத்தைப் பேசினால் தவிர்க்க முடியாத பெயர். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி கிருஷ்ணன்.

குடும்பம் மயிலாப்பூரில் வசித்தது. அன்றைய மயிலாப்பூரை இன்றைய டிராஃபிக்கை வைத்துக் கற்பனை பண்ணாதீங்க. வீட்டைத் தாண்டினால் புதர்க்காடு; அதில் நரி உண்டு, வெளிமான் உண்டு, பறவைகளுக்குக் கணக்கே இல்லை. சின்ன வயதிலேயே ஒரு கீரியை வளர்த்தார் கிருஷ்ணன். அவருடைய முதல் சரணாலயம் வீட்டுக் கொல்லைப்புறம்தான்.

1925-ல் அப்பா இறந்தபோது அவருக்கு வயது 13. சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று பேசி முடித்த சற்று நேரத்தில் மாதவையா சரிந்து விழுந்து உயிரிழந்தார். மொழி மீதான அந்தப் பிடிவாதம் மகனிடமும் இருந்தது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

டிகிரி இருக்கு, வேலை இல்லை

மாநிலக் கல்லூரியில் படித்தார். தாவரவியலில் எம்.ஏ., அதற்குப் பிறகு சட்டம். தாவரவியல் பேராசிரியர் பைசனோடு நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் செடி தேடி அலைந்த நாள்கள்தான் அவருக்கு உண்மையான வகுப்பறை. தேர்வில் பெரிய மார்க் எல்லாம் வரவில்லை. இரண்டு படிப்பு முடித்தும் நிலையான வேலை கிடைக்கவில்லை. அச்சகம், ஓவியக் கல்லூரி, வானொலி என்று சின்னச் சின்ன வேலைகள். 1937-ல் இந்துமதியுடன் திருமணம்.

1942-ல் ஒரு திருப்பம். இன்றைய கர்நாடகாவில், பெல்லாரிக்குப் பக்கத்தில் இருந்த சந்தூர் என்ற குட்டி சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று ஒரே ஆள் பல நாற்காலிகளில் மாறி மாறி உட்கார்ந்தார். மிச்ச நேரம் முழுக்கக் காட்டில் சுற்றினார். ஆடு மேய்த்தார். புறாக்களை வைத்து ஒரு தபால் சேவை நடத்த முடியுமா என்றுகூட முயன்று பார்த்தார்.

சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. வேலையும் போனது. 40-ஐ நெருங்கும் வயதில், குடும்பத்தோடு மெட்ராஸ் திரும்பிய கிருஷ்ணன், இனி எழுத்தும் புகைப்படமும்தான் பிழைப்பு என்று முடிவெடுத்தார். இன்றைய பாஷையில் சொன்னால் முழுநேர ஃப்ரீலான்சர். மாதச் சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது.

46 வருஷம், ஒரே பத்தி

1950-ல் கொல்கத்தாவின் 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியைத் தொடங்கினார். அது 1996 வரை, 46 ஆண்டுகள் தொடர்ந்தது. அவர் இறந்த 1996 பிப்ரவரி 18 அன்றும் பத்தி வெளியானது.

புலியும் யானையும் மட்டும்தான் அதில் வரும் என்று நினைக்க வேண்டாம். அணில், காக்கா, பல்லி, தெருவோர மரம் என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. தேவையான படங்களையும் தானே வரைந்தார். காட்டைப் பார்க்கக் காட்டுக்குத்தான் போகணும் என்று இல்லை, உங்கள் ஊர் ஏரிக்கரையில் ஆரம்பிக்கலாம் என்பதைத் தொடர்ந்து எழுதிக் காட்டியவர் அவர்.

புகைப்படத்திலும் தனி வழி. கறுப்பு வெள்ளை மட்டும்தான். வெவ்வேறு பாகங்களை இணைத்து உருவாக்கிய தன் கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று செல்லப் பெயர் வைத்திருந்தார். முதுமலையில் யானைக் கூட்டத்தை நடந்தும், பழக்கப்பட்ட யானையின் முதுகில் அமர்ந்தும் படம் எடுத்தார். 1968-ல் கிடைத்த நேரு ஃபெலோஷிப்பை வைத்துத் தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை ஆய்வு செய்தார். பத்மஸ்ரீ வந்தது, 1995-ல் ஐ.நா.வின் குளோபல் 500 கௌரவமும் வந்தது.

வேடந்தாங்கலில் அவர் பார்த்தது என்ன?

பெயரிலேயே கதை இருக்கிறது. வேடர்கள் தங்கிய இடம், வேடந்தாங்கல். வேட்டைக்காரர் பெயரில் இருக்கும் ஊர், வேட்டையைத் தடுத்த ஊராக மாறியதுதான் சுவாரசியம். 18-ம் நூற்றாண்டின் கடைசியில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. வனவிலங்குச் சட்டம் வந்த 1972-க்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே இவ்வளவும் நடந்துவிட்டது.

ஊர்க்காரர்களுக்கு இதில் லாபமும் இருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது அதுவே உரம். பறவை ஏரியைப் பயன்படுத்தியது, ஏரி வயலை வளர்த்தது, வயல்காரர் பறவையைக் காத்தார்.

இந்த ஏரியை ஊன்றிக் கவனித்த கிருஷ்ணன், 1960-ல் மெட்ராஸ் மாநில வனத்துறைக்காக வேடந்தாங்கல் நீர்ப்பறவைகள் பற்றி ஒரு கையேடு எழுதினார். பின்னாளில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக ஆய்விதழில் ஒரு கட்டுரை. அதன் கேள்வி ரொம்ப எளிமையானது. நீர்ப்பறவைகள் ஏன் சில இடங்களில் மட்டும் இப்படிக் கும்பலாகக் கூடு கட்டுகின்றன?

இரை கிடைப்பதால் என்றுதான் எல்லோரும் சட்டெனச் சொல்வோம். அவர் இன்னும் இரண்டு விஷயங்களை முன்னால் கொண்டுவந்தார். ஒன்று, கூடு வைக்கத் தகுந்த இடம். இரண்டு, கூடு கட்டத் தேவையான குச்சியும் தழையும்.

வேடந்தாங்கலில் நின்று பார்த்தால் இது புரியும். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பும் கருவேலமும்தான் அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா என்று ஒரே மரத்தில் பல வீடுகள். அத்தனை கூட்டுக்கும் சுள்ளி எங்கிருந்து வரும்? அத்தனை குஞ்சுக்கும் நத்தையும் மீனும் எங்கே கிடைக்கும்? சுமார் 30 ஹெக்டேர் ஏரி ஒன்றால் எல்லாவற்றையும் தர முடியாது. சுற்றியிருக்கும் வயல், குட்டை, புதர், பக்கத்து ஊர் ஏரிகள் எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பறவைகளுக்கு ஊர்.

அந்த 5 கிலோமீட்டர் ஏன் முக்கியம்?

கிருஷ்ணன் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1998-ல், ஏரியோடு அதைச் சுற்றிய 5 கி.மீ. பகுதியும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020-ல் அந்த எல்லையை 3 கி.மீ.யாகக் குறைக்கும் முன்மொழிவு வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. வட்டத்தின் ஆரம் ஐந்திலிருந்து மூன்றானால் அதன் பரப்பில் பாதிக்கும் மேல் காணாமல் போய்விடும். ஸ்கூல் கணக்குதான். வரைபடத்தில் அது வெறும் வயல்வெளியாகத் தெரியலாம். நாரைக்கு அதுதான் சமையலறை.

2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்தில் உள்ள கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தன. உலக அங்கீகாரம் சந்தோஷம்தான். ஆனால் வேலிக்கு வெளியே இருக்கும் குட்டையும் புதரும் போய்விட்டால், வேலிக்கு உள்ளே இருக்கும் மரமும் காலியாகிவிடும்.

வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவதைக் கிருஷ்ணன் கடுமையாக எதிர்த்ததும் இந்தப் பார்வையால்தான். பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு ஆகாது. அந்த மண்ணின் உயிர்களுக்கு அந்த மண்ணின் செடிதான் வீடு.

தமிழில் பேர் சொல்லிப் பார்த்தவர்

ஆங்கிலத்தில் புகழ்பெற்றாலும் தமிழை அவர் விடவில்லை. உயிரினங்கள் பற்றித் தமிழில் எழுதிய கட்டுரைகள், சு.தியடோர் பாஸ்கரன் தொகுப்பில் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகக் கிடைக்கின்றன. 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவல்கூட எழுதியிருக்கிறார்!

பெயர் தெரியாத பறவை, கண்ணில் பட்டாலும் மனதில் நிற்காது. பாம்புத்தாரா என்று ஒருமுறை சொல்லிப் பாருங்க. தண்ணீருக்கு மேலே பாம்பு மாதிரி நீளும் அந்தக் கழுத்து அப்புறம் மறக்கவே மறக்காது.

போகும்போது என்ன செய்யலாம்?

சீசன் பொதுவாக நவம்பர் முதல் மார்ச் வரை. ஆனால் பருவமழையில் ஏரி நிரம்பியிருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்க. தண்ணீர் இல்லாத வருஷம் பறவையும் குறைவு. காலையில் சீக்கிரம் போங்க, இல்லை மாலை 4 மணிக்கு மேல், இரை தேடப் போன கூட்டம் திரும்பும் நேரத்தில் போங்க. பளிச் நிற உடை வேண்டாம். ப்ளூடூத் ஸ்பீக்கர் வண்டியிலேயே இருக்கட்டும். கரையில் கொஞ்ச தூரம் நடந்து, ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, அரை மணி நேரம் சும்மா நின்று பாருங்க.

வாயில் சுள்ளியோடு ஒரு நாரை வந்து இறங்கினால், அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கவனியுங்க. கிருஷ்ணன் கேட்ட கேள்விக்கான பதில் அந்தப் பக்கத்து வயலிலோ புதரிலோதான் இருக்கிறது. சரணாலயமும் அதுவரைக்கும் நீள்கிறது.